கதிரைகளை ஈடு வைத்த உறுதி

நான் என் மச்சாளுக்குக் கடன் கொடுத்து, அந்தக் கடனுக்காக மட்டக்களப்புக் கோர்ட்டுப் படியும் ஏறினவள். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் உடனே முகத்தைச் சுளித்து, "ஐயோ, ஏமாத்திப்போட்டாவோ?" என்பார்கள். ஏமாற்றவில்லை. ஒரு சதம்கூட ஏமாற்றவில்லை. பதியவேண்டிய காலத்துக்குள் பதியாமல் விட்ட ஒரு உறுதிப் பத்திரத்தைப் பிந்திப் பதிய அனுமதி கேட்டுப் போன கோர்ட் அது. எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். அதில் பாதியில் நான் வில்லி. ஆகவே நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

மச்சாள் என்பது என் புருஷனின் தங்கை, நான் அவளையும் அவள் என்னையும் அப்படித்தான் கூப்பிடுவோம். என் புருஷன் மேசன் வேலை செய்கிறவர். சுவர் கட்டுவதில் கெட்டிக்காரர். பெண்டாட்டிக்கும் தங்கைக்கும் நடுவில் நின்று நின்று பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டவர். எங்களுக்கு ஒரே மகள். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், ஆகவே பெண்ணைப் பெற்றவள் வீட்டைக் கட்டி வைத்திருக்கவேண்டும். கல்லடியில் கடற்கரைப் பக்கமாக என் அம்மா எனக்குத் தந்த வீடு இருந்தது. அதை அப்படியே மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நிம்மதியாக இருந்தேன். சுனாமி வந்து அத்திவாரத்தை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போனது. நாங்கள் மூவரும் உயிரோடு இருந்தோம். அந்த வருஷம் அதுவே பெரிய காரியம், அதற்கு மேல் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு நான் குவைத்துக்குப் போனேன். மகள் பொறுப்பு மச்சாளுக்கு. அவள் வீடு வாவியின் உட்கரையில், கடலுக்குத் தூரமான ஊரில். அவளுக்குப் பிள்ளை இல்லை. என் மகளை அவள் வளர்த்த விதம் பற்றி நான் குறை சொல்லமுடியாது. என்னைவிடக் கூடுதலாகச் செல்லம் கொடுத்தாள் என்று மட்டும் சொல்வேன். குவைத்தில் இன்னொருத்தியின் வீட்டைத் துடைத்துத் துடைத்து என் மகளின் வீட்டுக்குக் காசு சேர்த்தேன். போர் முடிந்த பிறகுதான் திரும்பி வந்து, மச்சாள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வாடகை வீட்டில் இருந்தோம்.

வந்து பார்த்தால் ஊர் முழுக்கக் கல்யாணம். ஷெல்லுக்குப் பயந்தும், பாதை பூட்டியதாலும், மாப்பிள்ளை எங்கே என்று தெரியாமலும் ஒத்திவைத்த கல்யாணங்கள் எல்லாம் ஒரே மூச்சில் நடந்தன. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் இல்லை. அழுதார்கள், அழுதுவிட்டுப் பந்தல் போட்டார்கள். பாட்டு இரண்டு ஊர் தாண்டிக் கேட்டது. மச்சாளுக்கு வாடகைச் சாமான் தொழில். ஏதோ ஒரு நிவாரண நிறுவனம் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஆட்கள் உட்காருகிற கொஞ்சம் பிளாஸ்டிக் கதிரைகளோடும், சோறு ஆக்குகிற இரண்டு பெரிய கிடாரங்களோடும் தொடங்கியது. கல்யாணக்காரர்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள். கொடுக்கத்தான் சாமான் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து குந்தினாள்.

"மச்சாள், காச வங்கியில வச்சு என்னத்துக்கு? புள்ளைக்கு மாப்பிள்ள பாத்து முடிய எப்பிடியும் காலம் போகும். அதுவரைக்கும் என்னட்டத் தா. கதிரை வாங்குவம், ஜெனரேற்றர் ஒண்டு வாங்குவம். வீடு கட்டத் தொடங்கக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாத் தந்து முடிக்கிறன்."

மீனை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். அது என் காசு இல்லை, மகளின் வீடு. ஆனால் என் மகளுக்கு எத்தனையோ காய்ச்சலுக்கு விழித்திருந்தவள் கேட்கிறாள். சரி என்றேன்.

"சும்மா தரவேணாம்கா," என்றாள். "எழுதித்தான் வாங்குவன். சுனாமியில உறுதி போன சனம் சொந்தக் காணிக்குப் பட்ட பாட்டப் பாத்தனான்தானே. நாளைக்கு எனக்கு ஒண்டு நடந்தா எண்ட மனுசன்ட ஆக்கள் கதிரையெல்லாத்தையும் தூக்கிப் போயிருவாங்க. உனக்கு என்ன அத்தாட்சி இரிக்கி?"

கடன் வாங்குகிறவள் எழுதச் சொல்லி நிற்க, கொடுக்கிறவள் வேண்டாம் என்று நின்றேன். அவள் வென்றாள். அவள்தான் எப்போதும் வெல்வாள்.

காத்தான்குடியில் ஒரு முதலாளியின் கடையில் கதிரைகளை வாங்கினோம். மச்சாள் விலை பேசின பேச்சில் அந்த மனிதர் கடைசியில், "தங்கச்சி, கடையையும் சேத்துக் கொண்டு போங்க, எனக்குச் சாப்பாடு மட்டும் தந்தாப் போதும்," என்றார். கிடாரம், ரியூப் லைற், பந்தல் சீலை, நல்லதொரு ஜெனரேற்றர் எல்லாம் வந்து சேர்ந்தன. பிறகு டவுனில் உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிஸ் ஐயாவிடம் போனோம். அவர் சட்டத்தரணியும்தான். மூக்கின் நுனியில் கண்ணாடியை விட்டுக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"காணிக்கு எழுதியிருக்கன், வீட்டுக்கு எழுதியிருக்கன், வள்ளத்துக்கும் எழுதியிருக்கன். கல்யாணக் கதிரைக்கு ஈடு எழுதுறது இதுதான் முதல் தரம்," என்றார்.

அவர் விளங்கப்படுத்தியது இவ்வளவுதான். நகையை அடகு வைத்தால் நகை கடன் கொடுத்தவர் கையில் இருக்கும். ஆனால் இந்தச் சாமான் கடன் வாங்கினவளிடமே இருந்து ஊர் சுற்றப்போகிறது. பார்க்கிறவர்களுக்கு அது ஈட்டில் இருப்பது தெரியாது. ஆகவே உறுதியைப் பதிவகத்தில் குறித்த நாட்களுக்குள் பதியவேண்டும். பதிந்தால் பிறகு யார் வந்து இந்தச் சாமானை ஈட்டுக்கு வாங்கினாலும் நான்தான் முதல் ஆள். பதியாவிட்டால் எனக்கும் மச்சாளுக்கும் இடையில் அது என்னவாக இருந்தாலும், மூன்றாவது ஆளுக்கு முன்னால் அந்த உறுதி வெறும் கடதாசி.

இன்னொன்றும் கேட்டார். "பிளாஸ்டிக் கதிரை ஊரெல்லாம் கிடக்குது. இதுகள்தான் உங்கட எண்டு எப்படிச் சொல்லுவீங்க?"

வீட்டுக்கு வந்து சிவப்பு பெயின்ற் வாங்கினோம். முற்றத்தில் கதிரைகளையெல்லாம் கவிழ்த்துப் போட்டு, இருக்கையின் அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். என் மகள் தூரிகையைப் பிடித்துக்கொண்டு, "மாமி, கதிரையெல்லாத்துக்கும் பொட்டு வச்சுக் கல்யாணத்துக்கு அனுப்புறம், எனக்கு மட்டும் இன்னும் ஒருத்தரும் வரல்ல," என்று சொன்னதும் மச்சாள் பெயின்ற் கையோடு அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டாள். அந்தச் சிவப்பு மூன்று நாள் போகவில்லை. என் புருஷன்கூடச் சிரித்தார்.

உறுதியில் கையெழுத்து வைத்தோம். நொத்தாரிஸ் ஐயா பதிவகத்துக்கு அனுப்பினார். பதிவகம் அதை ஆறுதலாக நாட்கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பியது. ஜெனரேற்றரின் இலக்கம் எழுதப்படவில்லையாம். இயந்திரம் என்றால் இலக்கம் வேண்டுமாம். ஐயா எனக்கு ஆளனுப்பினார்: இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு கெதியா வரவும்.

இலக்கத் தகடு ஜெனரேற்றரின் அடிப்பக்கத்தில் இருந்தது. ஜெனரேற்றரோ அதற்குள் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டது.

வெளியூர்க்காரருக்காக இதைச் சொல்லவேண்டும். எங்கள் கண்ணகி அம்மன் கோயில் வருஷத்தில் வைகாசியில் மட்டும்தான் கதவு திறக்கும். கதவு திறந்தால் சடங்கு. சடங்கு முடிவில் குளிர்த்தி. அம்மனின் கோபத்தைக் குளிரவைக்கிற அந்த நாள் முடியும்வரை கோயிலுக்கென்று கொடுத்த பொருளில் யாரும் கைவைப்பதில்லை. விளக்கோ பாயோ அண்டாவோ, வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். மச்சாள் அந்த வருஷம் புது ஜெனரேற்றரைச் சடங்கு முடியும்வரை நேர்த்திக்கடனாகக் கொடுத்திருந்தாள். கோயில் பின்பக்கம் மண்ணில் குழியாகக் கிடங்கு வெட்டி, சத்தம் கேளாமல் இறக்கி, மேலே தென்னங்கிடுகு மூடி வைத்திருந்தார்கள்.

நான் போய்க் கேட்டேன். மச்சாள் கண்ணை உருட்டினாள்.

"என்னகா கதைக்கிறாய்? அம்மனுக்குக் குடுத்த சாமான குளிர்த்திக்கு முதல் தோண்டி எடுத்துப் புரட்டுறதோ? குளிர்த்தி முடியட்டும்."

"முடியட்டும்," என்றேன் நானும்.

இதைத்தான் பிறகு எல்லாரும் என் பிழை என்றார்கள். நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அம்மன் சந்நிதியில் கிடங்கைத் தோண்டி ஜெனரேற்றரைத் தலைகீழாக்கி இலக்கம் எழுதுகிற ஒருத்தியை எங்கள் ஊரில் காட்டுங்கள், நான் என் பிழை என்று கைதூக்குகிறேன். குளிர்த்தி முடிந்து, ஈர வேப்பிலையோடு வீட்டுக்கு வந்து, சாமான்களைக் கழுவி அடுக்கி, இலக்கத்தை எழுதிக்கொண்டு பதிவகத்துக்குப் போனபோது அங்கிருந்த அலுவலர் நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நாள் கடந்திற்றம்மா. இனி நான் பதியேலாது. கோர்ட்டுக்குப் போய், ஏன் பிந்தினதெண்டு சொல்லி, அனுமதி எடுத்து வாங்க."

நொத்தாரிஸ் ஐயா, பயப்பட ஒன்றுமில்லை, மனுப் போடலாம் என்றார். "மச்சாளை ஒருக்கா கோர்ட்டுக்கு வந்து ஆட்சேபனை இல்லையெண்டு சொல்லச் சொல்லுங்க. வேலை சுகமா முடிஞ்சிரும்," என்றார். அதற்கென்ன என்று நானும் நினைத்தேன்.

அந்த வாரம்தான் லீசிங்காரர் வந்தார்.

போர் முடிந்த கையோடு எங்கள் பக்கம் தவணைக்கு இயந்திரம் கொடுக்கிற லீசிங் கம்பனிகள் படையெடுத்தன. முன்பு கண்ணால் காணாத மெசின்கள், அதாவது உழவு இயந்திரங்கள், வயல்வட்டை முழுக்க உறுமின. மச்சாளின் புருஷனுடைய தம்பியும் ஒன்று எடுத்திருந்தான். வயலில் ஓட்டினதைவிட ரோட்டில் ஓட்டினதுதான் அதிகம். தவணை கட்டவில்லை. அவனுக்குப் பிணை நின்று கையெழுத்து வைத்திருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் மச்சாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

நான் மச்சாள் வீட்டுக்குப் போனபோது கழுத்துப்பட்டி கட்டின ஒரு கம்பனிப் பெடியன் முற்றத்தில் கதிரை அடுக்குகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தான். அவன் கையில் ஒரு புதுப் பத்திரம். மெசினுக்கு மேலதிக ஈடாக மச்சாள் இந்தச் சாமானையெல்லாம் கம்பனிக்கு எழுதிக் கொடுத்தால், மெசினைப் பறிக்கமாட்டார்களாம், தவணையையும் தள்ளிப்போடுவார்களாம். அவளின் கொழுந்தன் மூலையில் நின்று கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

நொத்தாரிஸ் ஐயா சொன்னது ஒவ்வொரு எழுத்தாக ஞாபகம் வந்தது. அவள் அந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைத்து, கம்பனி அதைக் காலத்தோடு பதிந்துவிட்டால், அவர்கள் முதல் ஆள். கோர்ட் எனக்குப் பிறகு அனுமதி தந்தாலும் இடையில் வந்தவரின் உரிமையைத் தொடாது. மகளின் வீடு அந்தக் கொழுந்தனின் மெசினோடு சேற்றில் புதைந்துவிடும்.

நான் என்ன சொன்னேன் என்று முழுக்க எழுதினால் கடதாசி கருகிவிடும். அவள் குடும்பத்தை, கொழுந்தனின் மூளையை, பிணைக் கையெழுத்து வைத்த விரலை, ஒன்றையும் விடவில்லை. அக்கம்பக்கத்தார் வேலியோரம் வந்து வசதியாக நின்றுகொண்டார்கள். கடைசியாக, "எண்ட புள்ளைட வீட்டைத் திண்டுட்டாய்," என்றேன்.

வாய் ஓயாத மச்சாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அதோடு பேச்சு நின்றது. என் மகள் இரண்டு வீட்டுக்கும் நடந்து களைத்தாள். "மாமி கையெழுத்து வச்சிட்டாவா?" என்று நான் கேட்டால், "நீங்களே போய்க் கேளுங்க," என்பாள். என் புருஷனைக் கேட்டால் வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது என்பார். கம்பனிப் பெடியன் மச்சாள் வீட்டுப் பக்கம் திரும்பவும் வந்து போனதாகக் கேள்விப்பட்டேன். கொழுந்தன் சிரித்த முகத்தோடு சந்தியில் நின்றதாகவும் சொன்னார்கள். அதைக் கேட்டதும் கையெழுத்து விழுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

வழக்கு நாள் வந்தது. நல்ல வெயில். நானும் புருஷனும் பஸ்ஸில் போனோம். மச்சாளுக்கு அறிவித்தல் போயிருந்தது. வருவாளா என்று யாருக்கும் தெரியாது. நொத்தாரிஸ் ஐயா கறுப்புக் கோட்டில் வியர்த்துக்கொண்டிருந்தார். "வந்து எதிர்த்தா வழக்கு இழுபடும். வராட்டியும் இழுபடும். இழுபடக்குள்ள கம்பனி உள்ளுக்க வந்திரும்," என்றார். இதைச் சொல்லவா இவருக்குக் காசு கொடுத்தேன் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். நீதிபதி வயதில் இளையவர், வேறு மாவட்டத்துக்காரர். ஏன் பிந்தியது என்று என்னைக் கேட்டார். கோயில், கிடங்கு, கிடுகு, குளிர்த்தி எல்லாம் சொன்னேன். கொஞ்சம் கூடுதலாகவே சொல்லியிருப்பேன், நொத்தாரிஸ் ஐயா என் சேலைத் தலைப்பை இழுத்தார். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இலக்கம்தானே அம்மா? ஒரு ஆள் குனிந்து பார்த்துவிட்டு வந்திருக்கலாமே?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எப்பிடி ஐயா குனியிற? கிடங்குக்குள்ள கிடந்ததெல்லோ!"

மச்சாள். பட்டுச் சேலை, கொண்டையில் மல்லிகை, கக்கத்தில் கைப்பை. கோர்ட்டுக்கு இப்படி வருகிறவளை நான் கண்டதில்லை. கோர்ட்டில் ஆட்களைக் கூப்பிடுகிற முதலியார் அவளை அதட்டி, முறைப்படி கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். பிந்தி வந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். கல்லடியில் ஒரு கல்யாணமாம். சாமானோடு வந்தபோது பாலத்தடியில் அதை ஏற்றின லான்ட்மாஸ்டர் வண்டியின் சில்லுக் காற்றுப் போய்விட்டதாம்.

"அந்தச் சாமான் இப்போது எங்கே?" என்றார் நீதிபதி.

"வெளியில நிக்குது ஐயா. ஜெனரேற்றரும் நிக்குது. இலக்கம் பாக்கோணுமெண்டா வந்து பாருங்க. இப்ப தாராளமாப் புரட்டலாம்."

கோர்ட் முழுக்கச் சிரித்தது. நீதிபதி பேனா பிடித்த கையால் வாயை மறைத்துக்கொண்டார். ஒரு பொலிஸ்காரரை அனுப்பினார். அவர் போய், மச்சாளின் புருஷனும் இன்னும் இரண்டு பேரும் ஜெனரேற்றரைச் சரிக்க, குனிந்து இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்தார். நொத்தாரிஸ் ஐயா மனுவில் எழுதியிருந்த இலக்கமும் அதுவும் சரியாக இருந்தன. ஒரு கதிரையையும் கவிழ்த்துப் பார்த்ததாகவும், சிவப்புப் பொட்டு இருந்ததாகவும் அவர் தாமாகவே சொன்னார்.

பிறகு நீதிபதி சிரிப்பை விட்டுவிட்டு மச்சாளைக் கேட்டார். "இது பதியப்பட்டால், நீங்கள் கடனைக் கட்டாத நாளில் இவர் உங்கள் சாமானை எடுக்கலாம். விளங்குகிறதா?"

"விளங்குது ஐயா. அதுக்குத்தானே எழுதினது."

"உங்களுக்குள் பேச்சு இல்லை என்று சொல்கிறார்கள்."

"கதை இல்லத்தான் ஐயா. கடன் இரிக்கிதானே."

"வேறு யாருக்காவது இந்தச் சாமானை ஈடு வைத்திருக்கிறீர்களா?"

நான் கூண்டின் மரக்கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மச்சாள் கைப்பையைத் திறந்தாள். கம்பனியின் பத்திரத்தை எடுத்து விரித்தாள். கையெழுத்துப் போடும் இடத்தில் கோடு மட்டும் இருந்தது.

"கேட்டாங்க ஐயா. ரெண்டு மூண்டு தரம் வந்து கேட்டாங்க. எண்ட கொழுந்தனுக்காகக் கேட்டாங்க. ஆனா இது எண்ட மருமகள்ட, எண்ட அண்ணன்ட மகள்ட வீட்டுக் காசு. அதுக்கு மேல நான் எப்பிடி இன்னொருத்தருக்குக் கையெழுத்து வைக்கிற?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நான் திண்டிருவனெண்டு நினைக்கிற ஆக்கள் நினைக்கட்டும்," என்றாள்.

நான் அழுதேன். எனக்கு அழுகை சத்தமாகத்தான் வரும். முதலியார் என்னை அதட்டினார், நிறுத்தமுடியவில்லை. நீதிபதி அனுமதி எழுதினார். இந்தத் தாமதம் யாரையும் ஏமாற்றுவதற்காக நடந்ததல்ல என்று அவர் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. வெளியே வந்து மச்சாளைத் தேடினால் லான்ட்மாஸ்டர் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது. கதிரை அடுக்கின் மேல் பட்டுச் சேலையோடு ஏறி இருந்து போனாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குவதற்குள் பந்தலில் சாமான் இறங்கவேண்டுமே.

கோர்ட் கட்டளை கையில் கிடைத்த காலையிலேயே பதிவகத்துக்குப் போனேன். மச்சாள் எனக்கு முன்னாலேயே வந்து மர வாங்கில் குந்தியிருந்தாள். நானும் பக்கத்தில் குந்தினேன். அலுவலர் புத்தகத்தைப் புரட்டி, இந்தச் சாமானின் மேல் வேறு ஒன்றும் பதியப்படவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, பதிந்து, முத்திரை குத்தினார். சத்தமான குத்து. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டதைப் பார்த்து அவர், "ரெண்டு பேர்ல ஆரு கடன்காரி?" என்று கேட்டார்.

மச்சாள் என்னைக் காட்டினாள். "பேச்சுக் கடன் இவதான் தரோணும். ஊர் பாக்க ஏசினவ."

வாசலில் குச்சியில் விற்கிற ஐஸ் பழம் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாங்கினாள். மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னொரு பேச்சுக்கு வாய்ப்பாகியிருக்கும். கம்பனி மெசினைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது. கொழுந்தன் ஒரு மாதம் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, மச்சாளுக்கே லான்ட்மாஸ்டர் ஓட்ட வந்துவிட்டான். ரோட்டில் ஓட்டுவதில்தான் அவன் கெட்டிக்காரன் என்று முன்பே சொன்னேனே.

பிறகு வீடு வளர்ந்தது. ஆவணிக் கல்யாணங்களில் அத்திவாரம் பலமானது. தைக் கல்யாணங்களில் சுவர் எழும்பியது. ஒரு பூப்பு நீராட்டு விழாவில் ஜன்னல்கள் வந்தன என்று என் புருஷனே பகிடி விட்டார். மச்சாள் காசு கொண்டுவரும் நாளில் அவர் சீமெந்து வாங்கப் போவார். யார் வீட்டில் மேளம் கேட்டாலும் நான் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். செத்தவீட்டுக்குப் போனாலும் கதிரையின் அடியைத் தடவிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அதற்காக வெட்கப்பட்டேன், ஆனாலும் தடவினேன்.

வீடு குடிபுகுந்த நாளில் ஒரு கதிரைகூட இல்லை.

நான் கொதித்துப்போனேன். கல்லடியில், என் அம்மாவின் அத்திவாரத்தில், புதுச் சுவரின் சுண்ணாம்பு வாசத்தோடு வீடு நிற்கிறது. பால் பொங்கிவிட்டது. சனம் வந்து நிற்கிறது. அரசாங்கப் புத்தகத்தில் என் பெயருக்கு ஈடாகப் பதிந்த அத்தனை கதிரைகளும் எங்கே? அன்றைக்கென்று மூன்று ஊரில் மூன்று கல்யாணம். மச்சாள் ஒன்றுவிடாமல் வாடகைக்கு அனுப்பிவிட்டாள். வந்தவர்கள் தரையில் பாய் விரித்து இருந்தார்கள். நல்ல சேலை கட்டின பெண்கள் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். நானே புதுச் சீமெந்துத் தரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்து, அவள் வரட்டும் என்று வார்த்தைகளைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் வந்தாள். தலையில் ஒரே ஒரு கதிரை. வியர்த்து ஒழுகிக்கொண்டு படியேறி வந்து அதை இறக்கி வைத்தாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மகளிடம் போனாள். மடியிலிருந்து ஒரு முடிச்சை எடுத்து அவள் கையில் வைத்து மூடினாள்.

"இதான் கடைசி. இண்டைக்கு மூண்டு வீட்டு வாடகையும் வந்தாத்தான் கணக்கு முடியும், அதான் ஒண்டையும் இஞ்ச அனுப்பல்ல," என்றாள்.

"அம்மாட்டக் குடுங்க மாமி," என்றாள் மகள்.

"அவட்ட என்னத்துக்கு? வீட்டுக்காரி நீதானே."

எனக்குக் கோபம் வரவேண்டும். கடன் கொடுத்தவள் நான், உறுதி என் பெயரில், கோர்ட்டில் நின்றவள் நான். ஒன்றும் வரவில்லை. நெஞ்சு நிறைந்து கிடந்தது. இந்த இரண்டு பேரும் எனக்கு இருக்கிறார்கள் என்று நினைத்தேன், அவ்வளவு சந்தோஷம். என் மகள் மாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்த முடிச்சோடேயே அழுதாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, அந்த ஒற்றைக் கதிரையில் இருக்கப் போனேன். மச்சாள் ஓடிவந்து கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறுகா. ஈடு முடிஞ்சுது. இப்ப இது முழுக்க எண்ட கதிரை. இருக்கிறதெண்டா வாடகை."

"தாறன்," என்றுவிட்டு அதிலேயே குந்தினேன். இன்னும் கொடுக்கவில்லை. இரண்டு பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள், அவளும் கேட்பதை விடவில்லை.